ஃபிளைவீலில் எடை குறைப்பது: எங்கே கடையலாம், எங்கே கை வைக்கக்கூடாது?

வாசகர் கேள்வி: நான் கோயம்புத்தூரைச் சேர்ந்தவன். நண்பர் ஒருவரோடு சேர்ந்து, குழாய்ச் சட்டத்தில் இருவர் அமரும் சிறிய கார் ஒன்றை வீட்டிலேயே கட்டி வருகிறேன். பழைய எஸ்டீம் காரின் 1,298 சிசி பெட்ரோல் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்குவாக்கில் பொருத்தியுள்ளோம். எஞ்சின் தண்டின் நுனியில் மாட்டியிருக்கும் கனமான சக்கரமான ஃபிளைவீலை நிறுத்துப் பார்த்ததில் 7 கிலோ இருக்கிறது. கிளட்ச் உரசும் முகத்தைக் கடைந்து, நடுப்பகுதியில் 20 மி.மீ. துளைகள் பன்னிரண்டு போட்டு, 4 கிலோவாக்கித் தருவதாக லேத் பட்டறைக்காரர் சொல்கிறார். எஞ்சினை 8,000 ஆர்.பி.எம். வரை ஓட்ட விரும்புகிறோம். இது பாதுகாப்பானதா? லேத்தில் கடைந்த பொருளுக்குத் தனியாக பேலன்சிங் தேவையா?

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

தங்கள் பட்டறைக்காரர் சொன்ன முறையில் அந்த ஃபிளைவீலைத் தொட வேண்டாம். எடை குறைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. பந்தயக் கார்களில் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் வேலைதான் இது, முறையாகச் செய்தால் பலனும் உண்டு. ஆனால் அவர் கழிக்க நினைக்கும் இரண்டு இடங்களும் பலன் மிகக் குறைவாகவும் ஆபத்து மிக அதிகமாகவும் உள்ள இடங்கள். எத்தனை கிலோ குறைகிறது என்பதைவிட, மையத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளிக் குறைகிறது என்பதுதான் இந்த வேலையில் முக்கியம்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு முறைதான் வெடிப்பு நிகழ்கிறது. இடைப்பட்ட நேரத்தில் பிஸ்டன்களை அழுத்தத்துக்கு எதிராக மேலே தள்ளிக் கொடுப்பது ஃபிளைவீலில் சேர்ந்திருக்கும் சுழற்சி ஆற்றல். காரை வேகமெடுக்கச் செய்யும்போது அந்தச் சக்கரத்தையும் சேர்த்தே வேகமெடுக்கச் செய்ய வேண்டியிருப்பதால், அது காரின் எடையோடு கூடுதலாக ஏற்றிய சுமை போல நடந்துகொள்கிறது. அந்தச் சுமையின் அளவு நிலைமத் திருப்புத்திறனைப் பொறுத்தது. அதாவது எடையை, மையத்திலிருந்து அது இருக்கும் தொலைவின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 6 செ.மீ. தொலைவில் உள்ள ஒரு கிலோவைவிட 12 செ.மீ. தொலைவில் உள்ள ஒரு கிலோ நான்கு மடங்கு வேலை செய்கிறது.

தங்கள் காருக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் கியரில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் சேர்ந்த மொத்த விகிதம் 14 என்றும், டயரின் ஆரம் 28 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். 14-ஐ 0.28-ஆல் வகுத்தால் 50, அதன் வர்க்கம் 2,500. ஃபிளைவீலில் குறையும் நிலைமத் திருப்புத்திறனை இந்த 2,500-ஆல் பெருக்கினால், காரிலிருந்து எத்தனை கிலோவை இறக்கி வைத்ததற்கு அது சமம் என்று தெரிந்துவிடும். 20 மி.மீ. தடிப்புள்ள வார்ப்பிரும்பில் 20 மி.மீ. துளை ஒன்று போட்டால் வெளியேறுவது சுமார் 45 கிராம். பன்னிரண்டு துளைகளுக்கும் சேர்த்து அரை கிலோவைச் சற்றே தாண்டும். அவை மையத்திலிருந்து 6 செ.மீ. தொலைவில் இருந்தால், முதல் கியரில் கிடைக்கும் பலன் ஏறத்தாழ 5 கிலோவுக்குச் சமம். பெட்ரோல் டேங்கை ஏழு லிட்டர் குறைவாக நிரப்பினால் இதே பலன் எல்லாக் கியரிலும் கிடைத்துவிடும். அதே அரை கிலோவை 12 செ.மீ. தொலைவில், விளிம்பை ஒட்டி எடுத்திருந்தால் பலன் 20 கிலோ.

விளிம்பிலிருந்து ஒரே ஒரு கிலோவை மட்டும் எடுத்தால் முதல் கியரில் 36 கிலோ குறைந்ததற்குச் சமம். மொத்த விகிதம் 4 அளவுக்கு இறங்கிவிடும் கடைசி கியரில் அதே ஒரு கிலோவின் பலன் 3 கிலோ மட்டுமே. ஆகவே வளைவுகள் நெருக்கமாக உள்ள, முதல் இரண்டு கியர்களிலேயே ஓடித் தீரும் ஆட்டோகிராஸ் போன்ற போட்டிகளுக்கு இந்த வேலை பொருந்தும். நீளமான நேர்பாதைகள் உள்ள தடத்தில் இதனால் நேரம் பெரிதாக மிச்சமாகாது. எஞ்சினின் குதிரைத்திறனும் காரின் உச்ச வேகமும் இதனால் அணுவளவும் கூடுவதில்லை.

ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அந்தக் காலத்து எஞ்சின்களில் வரும் ஃபிளைவீல் பெரும்பாலும் சாம்பல் நிற வார்ப்பிரும்பு. லேத்தில் எஃகைக் கடையும்போது சுருள் சுருளாக வரும். வார்ப்பிரும்போ கருந்தூளாக உதிரும். அதன் உள்ளே கார்பன் மெல்லிய கிராஃபைட் செதில்களாகப் படிந்திருப்பதுதான் காரணம். அந்தச் செதில் ஒவ்வொன்றும் பிறவியிலேயே அமைந்த ஒரு நுண்விரிசல் போன்றது. அழுத்தினால் இந்த உலோகம் நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. வளைந்து எச்சரிக்கை தரும் குணமும் அதற்கு இல்லை, நேராகப் பிளந்துவிடும். சுழலும் சக்கரத்தில் எழுவதோ முழுக்க முழுக்க இழுவிசை.

27 செ.மீ. விட்டமுள்ள ஃபிளைவீல் 7,000 ஆர்.பி.எம்.மில் சுழலும்போது அதன் விளிம்பு வினாடிக்கு 99 மீட்டர், அதாவது மணிக்கு 356 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நடுவில் துளையுள்ள தட்டுக்கான எளிய கணக்கின்படி, அந்த நடுத்துளையின் விளிம்பில் ஏறத்தாழ 57 மெகாபாஸ்கல் இழுவைத் தகைவு, அதாவது குறிப்பிட்ட பரப்பின் மீது இழுக்கும் விசை, உண்டாகும். தகைவு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 8,000 ஆர்.பி.எம்.மில் அது 75 ஆகிவிடும். இந்தியத் தரமான ஐ.எஸ். 210-இல் எஃப்.ஜி. 200 என்ற வகை வார்ப்பிரும்பின் இழுவலிமை 200 மெகாபாஸ்கல். 200-க்கும் 75-க்கும் இடையே தாராளமாக இடம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் 200 என்பது ஒரே ஒரு முறை இழுத்து உடைக்கும் சோதனையில் கிடைக்கும் எண். ஏறி இறங்கும் சுமையை ஆயிரக்கணக்கான முறை தாங்கும் வலிமை அதில் பாதிகூட இருக்காது. அதோடு, துளை ஒன்று போட்டால் அதன் ஓரத்தில் தகைவு சுற்றுப்புறத்தைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு வரை குவியும். கிளட்ச் நழுவும்போது உரசும் முகம் மட்டும் சூடேறி விரிய, பின்புறம் குளிர்ந்தே இருப்பதால் எழும் வெப்பத் தகைவு வேறு. பல ஆண்டுகளாக ஓடிய பழைய சக்கரத்தில் இவையெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் கூடும்போது, மிச்சம் என்று சொல்ல எதுவும் நிற்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், இதே மாதிரி எங்கோ துளை போட்டுக்கொண்டு வந்த ஃபிளைவீல் ஒன்று பேலன்சிங்குக்காக என்னிடம் வந்தது. கண்ணுக்கு அழகான வேலை. துளைகளின் ஓரத்தைக்கூடச் சீவி மழுக்கியிருந்தார்கள். விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, வழக்கப்படி சிவப்புச் சாயத்தைத் தெளித்து, ஊறவிட்டு, துடைத்து, விரிசலுக்குள் இறங்கிய சாயத்தை வெளியே காட்டும் வெள்ளை டெவலப்பரை அடித்தேன். இரண்டு நிமிடம் வெள்ளையாகவே இருந்தது. பிறகு ஒரு துளையின் ஓரத்திலிருந்து தலைமுடி தடிப்பில் சிவப்புக் கோடு ஒன்று மெல்ல எழும்பி, பக்கத்திலிருந்த கிராங்க் போல்ட் துளையை நோக்கி நீண்டது. கொண்டுவந்தவர் ஒரு பருவம் முழுக்க அந்தச் சக்கரத்தை வைத்து ஓட்டியிருந்தார். அதன் பிறகு, நடுப்பகுதியில் துளை போட்ட வார்ப்பிரும்பு ஃபிளைவீல் எதையும் நான் பேலன்சிங் மெஷினில் ஏற்றுவதில்லை.

உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 7 கிலோ ஃபிளைவீல் 7,000 ஆர்.பி.எம்.மில் சுழலும்போது அதனுள் இருக்கும் ஆற்றல் ஒரு டன் எடையை 1.7 மீட்டர் உயரம் தூக்கப் போதுமானது. அதைச் சுற்றியுள்ள பெல் ஹவுசிங் மெல்லிய அலுமினிய வார்ப்பு. உடைந்த துண்டுகளுக்கு அது ஒரு தடையே அல்ல. 1970 மார்ச் 8 அன்று கலிபோர்னியாவின் லயன்ஸ் டிராக் பந்தயத் தடத்தில் அமெரிக்க டிராக் பந்தய வீரர் டான் கார்லிட்ஸ் ஓட்டிய காரில் வெடித்தது ஃபிளைவீல் அல்ல, டிரான்ஸ்மிஷன்தான். என்றாலும் சுழலும் பாகம் சிதறினால் என்ன நேரும் என்பதற்கு அது போதுமான சான்று. அவர் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். மருத்துவமனையில் படுத்திருந்தபோதுதான் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் கொண்டுபோகும் வடிவத்தைப் பற்றி அவர் தீவிரமாக யோசிக்கத் தொடங்கினார்.

தங்கள் காரில் எஞ்சின் ஏற்கெனவே பின்னால்தான் இருக்கிறது. ஆனாலும் நிம்மதி கொள்ள வேண்டாம். குறுக்குவாக்கில் வைத்த எஞ்சினில் ஃபிளைவீல் சுழலும் தளம் காரின் நீளவாக்கில், டயர்கள் சுழலும் தளத்துக்கு இணையாக அமைகிறது. துண்டுகள் அந்தத் தளத்தில்தான் பறக்கும்: மேலே, கீழே, பின்னே, முன்னே. ஃபிளைவீலின் விளிம்பில் உள்ள பல்வளையமான ரிங் கியர் இருக்கும் இடத்துக்கு நேராக ஒரு நூலைப் பிடித்து முன்னோக்கி இழுத்துக் கட்டிப் பாருங்கள். அந்த நூல் யாருடைய முதுகைத் தொடுகிறது, பெட்ரோல் டேங்கின் எந்தப் பக்கத்தைக் கடக்கிறது, பிரேக் குழாய் எங்கே குறுக்கிடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஃபிளைவீலைத் தொட்டாலும் தொடாவிட்டாலும், பெல் ஹவுசிங்கைச் சுற்றி 6 மி.மீ. எஃகுத் தகட்டில் அரைவட்டக் கவசம் ஒன்றை வளைத்து, அதை ஹவுசிங்கில் அல்லாமல் சட்டத்தின் குழாய்களில் போல்ட் போட்டு மாட்டுங்கள். அதன் எடை, தாங்கள் ஃபிளைவீலில் குறைப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதற்காக அதை விட்டுவிட வேண்டாம்.

8,000 ஆர்.பி.எம். ஆசையை நான் கைவிடச் சொல்வேன். கேம் ஷாஃப்ட், வால்வ் ஸ்பிரிங் எதையும் மாற்றாத அந்த எஞ்சினின் உச்சத் திறன் 6,000-ஐ ஒட்டியே கிடைக்கிறது. அதற்கு மேல் சுற்றவிட்டால் சத்தம் கூடுமே தவிர இழுவை கூடாது. எஞ்சின் சுற்றுவேகத்துக்கு வரம்பு கட்டும் லிமிட்டரை 6,500-இல் வையுங்கள். ஆனால் லிமிட்டரையும் முழுக்க நம்ப முடியாது, ஏனென்றால் அது எரிபொருளையோ பற்றவைப்பையோதான் நிறுத்தும். நான்காவதிலிருந்து மூன்றாவதுக்குப் போக வேண்டிய கை தவறி முதல் கியரில் விழுந்தால், டயர்கள் எஞ்சினைத் தலைதெறிக்கச் சுழற்றும். அதைத் தடுக்க எந்த மின்னணுக் கருவியாலும் ஆகாது. ஃபிளைவீலின் வலிமையை அந்த ஒரு நொடிக்கும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, இருக்கும் வார்ப்பிரும்புச் சக்கரத்திலேயே வேலை செய்ய விரும்பினால், ஒரு கிலோ வரை எடுக்கலாம் என்பது என் கருத்து. எடுக்க வேண்டிய இடம் பின்புறம், அதாவது எஞ்சினைப் பார்த்த பக்கம், விளிம்பை ஒட்டிய வளையம். ஆரம் 10.5 செ.மீ. முதல் 13 செ.மீ. வரை உள்ள பட்டையில் ஏழரை மி.மீ. ஆழம் கடைந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ குறைந்துவிடும். கடைவதற்கு முன், கிளட்ச் தட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகள் திருகும் துளைகள் அதே பட்டையில்தான் வருகின்றன என்பதைக் கவனியுங்கள். எட்டு மி.மீ. போல்ட்டுக்குக் குறைந்தது 12 மி.மீ. மரை மிஞ்ச வேண்டும்; மிஞ்சாது என்று அளவு காட்டினால் ஆழத்தைக் குறைத்துக்கொண்டு, கிடைக்கும் முக்கால் கிலோவில் திருப்தி அடையுங்கள். ரிங் கியர் உட்கார்ந்திருக்கும் படியையும், கிராங்க் போல்ட்டுகளைச் சுற்றியுள்ள நடுப்பகுதியையும் தொடவே கூடாது. சில எஞ்சின்களில் டைமிங் குறியோ, சென்சார் படிக்கும் பல்வரிசையோ ஃபிளைவீலிலேயே இருக்கும்; தங்களுடையதில் அப்படி ஏதேனும் உள்ளதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கிளட்ச் உரசும் முகத்தை எடை குறைப்பதற்காகக் கடைவது தவறிலும் பெருந்தவறு. அந்தத் தடிப்புதான் கிளட்சின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும் இடம். மெலிந்தால் முகம் நீலம் பாரித்து, வலைப்பின்னல் போல வெடிப்பு விழும். பள்ளம் விழுந்த முகத்தைச் சமப்படுத்த மட்டும், கால் மி.மீ. அளவில் கிரைண்டிங் கொடுக்கலாம். முகத்துக்கும் பிரஷர் பிளேட் உட்காரும் இடத்துக்கும் இடையே படி இருந்தால், இரண்டிலும் ஒரே அளவு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரஷர் பிளேட்டின் பிடி மாறிவிடும்.

வேலைக்கு முன்னும் பின்னும் விரிசல் சோதனை கட்டாயம். பானையைத் தட்டி வாங்குவதுபோல ஃபிளைவீலைத் தொங்கவிட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலிக்காததை உடனே ஒதுக்கிவிடலாம், ஆனால் கணீரென்று ஒலித்தது என்பதற்காக நல்லது என்று முடிவு கட்ட முடியாது. சாயச் சோதனையும் செய்தே ஆக வேண்டும். லேத்தில் மாட்டும்போது விளிம்பைப் பிடித்துச் சுற்றவிடக்கூடாது. கிராங்க் ஷாஃப்டின் நுனியில் உட்காரும் நடுத்துளையை ஆதாரமாக வைத்து ஒரு மாண்ட்ரல் (பிடிதண்டு) செய்து, ஆட்டம் டயல் கேஜில் 0.02 மி.மீ.க்குள் வரும்வரை சரிசெய்துவிட்டுத்தான் டூல் தொட வேண்டும். கடைந்த பள்ளத்தின் உள்மூலை கூர்மையாக நிற்கக்கூடாது, குறைந்தது 3 மி.மீ. ஆரத்துக்கு வளைந்திருக்க வேண்டும். டூல் இழுத்த கோடுகளையும் எமரியால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். விரிசல் எப்போதும் மூலையில்தான் பிறக்கும். கை கிரைண்டர், கை டிரில் இரண்டுக்கும் இந்த வேலையில் இடமே இல்லை.

4 கிலோ ஃபிளைவீல்தான் வேண்டும் என்றால், வார்ப்பிரும்பை மறந்துவிட்டு எஃகில் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். இ.என். 8 என்ற நடுத்தரக் கார்பன் எஃகில், அடித்து உருவாக்கிய (ஃபோர்ஜிங்) துண்டு போதும். அதன் இழுவலிமை வார்ப்பிரும்பைப்போல இரண்டரை மடங்குக்கு மேல், உடைவதற்கு முன் நீளும் குணமும் உண்டு. கோவையில் இதைச் செய்யும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. கரிவர்தன் மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய ஊர் அது. அவர் பெயரில் செட்டிபாளையத்தில் தடம் திறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பந்தயக் கார்களுக்கு வேலை செய்யும் டர்னர் ஒருவரை விசாரித்துப் பிடியுங்கள். செலவு பல மடங்கு ஆகும் என்பது உண்மைதான்.

லேத்தில் கடைந்த பொருள் தானாகவே சமநிலையில் இருக்கும் என்பது பட்டறைகளில் பரவலாக உள்ள நம்பிக்கை. அது சரியல்ல. வார்ப்பின் உள்ளே உலோகம் எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை. தங்கள் ஃபிளைவீலின் பின்புற விளிம்பைப் பார்த்தால், ஆழமில்லாத சிறு குழிகள் இரண்டு மூன்று தென்படலாம். தொழிற்சாலையில் பேலன்ஸ் செய்தபோது போட்ட குழிகள் அவை. அந்த விளிம்பைத்தானே இப்போது கடையப் போகிறோம்? பழைய பேலன்ஸ் அந்தத் தூளோடு போய்விடும். 12 செ.மீ. தொலைவில் வெறும் 10 கிராம் ஏற்றத்தாழ்வு இருந்தால், 7,000 ஆர்.பி.எம்.மில் அது ஏறத்தாழ 66 கிலோ எடையின் விசையோடு கிராங்க் ஷாஃப்டின் கடைசி பேரிங்கைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். ஃபிளைவீல்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஜி 6.3 என்ற பேலன்சிங் தரத்துக்கு, 6 கிலோ சக்கரத்தில் அந்த வேகத்தில் 52 கிராம்-மில்லிமீட்டர் வரைதான் விடலாம். அதே 12 செ.மீ. தொலைவில் அது அரை கிராமுக்கும் குறைவு. முதலில் ஃபிளைவீலை மட்டும் பேலன்ஸ் செய்து, பிறகு பிரஷர் பிளேட்டை மாட்டி மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் எந்த நிலையில் பொருந்தின என்பதற்கு ஒரு வெட்டுக்குறி போட்டுக்கொண்டு, எப்போது கழற்றினாலும் அதே நிலையில் மாட்டுங்கள்.

திரும்பப் பொருத்தும்போது கிராங்க் போல்ட்டுகள் புதிதாக இருக்கட்டும். எஞ்சின் மேனுவலில் சொன்ன முறுக்கு அளவில், குறுக்கும் நெடுக்குமாக, படிப்படியாக இறுக்குங்கள். மாட்டிய பிறகு உரசும் முகத்தில் டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்த்து, ஆட்டம் மேனுவல் அனுமதிக்கும் எல்லைக்குள் இருந்தால் மட்டும் கியர்பாக்ஸை ஏற்றுங்கள். எடை குறைந்த பிறகு ஐடிலிங் சற்றுத் தள்ளாடும், கிளட்சை விடும்போது எஞ்சின் அடிக்கடி அணையும்; ஐடில் வேகத்தை நூறு, இருநூறு கூட்டி வைத்தால் பழகிவிடும். இந்தக் காரைப் பதிவில்லாமல் பொதுச்சாலையில் எடுக்க முடியாது என்பது தங்களுக்கும் தெரிந்திருக்கும்.

முதல் முறை எஞ்சினை 4,000-க்கு மேல் ஏற்றும்போது, நூல் கட்டிக் குறித்த அந்தத் தளத்தில் நண்பர் உட்பட யாரும் நிற்க வேண்டாம். பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு கியர்பாக்ஸை ஒரு முறை இறக்கி, போல்ட் துளைகளைச் சுற்றியும் கடைந்த மூலையிலும் சிவப்புச் சாயத்தை மீண்டும் தெளித்துப் பாருங்கள். கோடு எதுவும் எழாவிட்டால் அந்தப் பருவம் முழுக்க ஓட்டலாம்; அடுத்த பருவம் தொடங்கும் முன் அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.